அப்பாவின் பால் கணக்கு நோட்டு

அப்பா தினமும் பால் கணக்கு எழுதுவார். மணி மணியான எழுத்து. போன வருடம் ஒரு வாரம், வரிகள் கீழே சரிந்து எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க நடை. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். வயதாகிவிட்டது, மறதி நோய்தான் என்று நாங்களே முடிவுகட்டினோம்.

டாக்டர் அவரை இரண்டு கையையும் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவது மாதிரி உள்ளங்கையைத் தூக்கச் சொன்னார். கைகள் சிறகடிப்பதுபோல் படபடவென்று விழுந்தன. அடுத்த கேள்வி: "மோஷன் போய் எத்தனை நாளாச்சு?" நாலு நாள்.

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய். குடித்ததே இல்லை, சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும்தான் காரணம். (குடிப்பாரா என்று கேட்காத ஆளே இல்லை. அம்மாவுக்கு அது பெரிய வேதனை.) குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றும். தழும்பேறிய கல்லீரலால் அது முடியாமல் அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. மலச்சிக்கல், காய்ச்சல், தூக்க மாத்திரை எது வந்தாலும் இன்னும் மோசம். லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அப்பா பேப்பர் கேட்டார். நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

அம்மோனியாவுக்குப் பயந்து பருப்பு, முட்டையை நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் நிறுத்தி அவர் உடம்பு இளைத்ததுதான் மிச்சம்.

*

அக்கா, எங்கள் அம்மாவுக்கும் இதே மாதிரி குழப்பம், ஆனால் காரணம் ரத்தத்தில் சோடியம் குறைந்தது. பிரஷருக்கு நீர் மாத்திரை, அதோடு வாந்தி பேதி. 135க்கு மேல் இருக்க வேண்டியது 114. என்னையே யாரென்று கேட்டார், அப்புறம் வலிப்பும் வந்தது. வலிப்பு நின்றபிறகு ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறீர்கள் என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை கெட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். இப்போது வேறு மாத்திரை, அம்மா நன்றாக இருக்கிறார். அப்பா இன்னும் கணக்கு எழுதுகிறாரா?

*

எழுதுகிறார் தம்பி. காலையில் எழுந்ததும் அந்த நோட்டைத்தான் பார்ப்பேன். வரி சரிந்திருந்தால் உடனே டாக்டருக்கு போன்.