புதுப்பிப்பு: நூல் வழுக்கும் பிரச்சினை தீர்ந்தது

எங்கள் ஸ்டுடியோவில் டவுன் சின்ட்ரோம் உள்ள கலைஞர் நூல் சுற்றிச் செய்யும் சிற்பங்களில், பிளாஸ்டிக் குழாயை விட்டு நூல் மொத்தமாகக் கழன்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பசையை விட்டுவிட்டுப் பருத்தித் துணியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து முதலில் சுற்றும் யோசனை. வழுவழுப்பான குழாயில் நூலுக்குப் பிடிமானமே இல்லை. சொரசொரப்பான துணியில் இருக்கிறது. துணியின் முனையை மட்டும் முடிச்சிட வேண்டும், இல்லையென்றால் அதுவே சுழலும்.

எதிர்பாராதது: நூல் தீர்ந்ததும் கலைஞர் வேலையையே நிறுத்திவிடுகிறார். முடிச்சுப் போடுவதுதான் அவருக்குச் சிரமம். இப்போது நான்கைந்து நிறங்களை முன்கூட்டியே இணைத்துப் பந்தாக்கி, கனமான கிண்ணத்தில் வைக்கிறோம். பந்து உருண்டு ஓடுவதில்லை.

அமெரிக்காவின் ஓக்லாந்தில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கான கிரியேட்டிவ் குரோத் மையத்தில் 1987 முதல் இயங்கிய, டவுன் சின்ட்ரோம் உள்ள நூல் சிற்பக் கலைஞர் ஜூடித் ஸ்காட்டைச் சுட்டியவருக்குத் தனி நன்றி. ஸ்காட் உள்ளே வைக்கும் பொருளைத் தானே தேர்ந்தெடுத்தவர். இங்கும் அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் கலைஞர் குழாயை ஒதுக்கி, உடைந்த நாற்காலிக் காலை எடுத்திருக்கிறார்.