எஃப்12-ஐ அணைத்துவிட்டுத்தான் ஆட்டோகேட் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

சிம்மக்கல் டிராஃப்ட்ஸ்மேன்

ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் ஓரளவு தெரிந்திருக்கிறது. சுவர் போடுகிறார்கள், கதவு வைக்கிறார்கள், அளவும் எழுதுகிறார்கள். ஆனால் ஆயத்தொலைவு சொல்லி ஒரு கோடு போடச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் டைனமிக் இன்புட், அதாவது கர்சர் பக்கத்திலேயே எண்களைத் தட்டவிடும் வசதி, என்பது என் தீர்மானமான கருத்து. எஃப்12 விசைதான் அதைப் போடவும் அணைக்கவும்.

கோடு 2000,1000-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 4500,0 என்று தட்டுகிறான். டைனமிக் இன்புட் போட்டிருந்தால் கோடு 6500,1000-இல் முடியும். அணைத்திருந்தால் 4500,0-இல் முடியும். தட்டியது ஒன்றுதான், விழுந்த இடம் வேறு. @ போட்டால் முந்தைய புள்ளியிலிருந்து, போடாவிட்டால் 0,0 என்ற ஆதிப்புள்ளியிலிருந்து என்ற கணக்கு மனத்தில் பதியும் வரை எஃப்12-ஐ அணைத்து, திரையின் மேலே பொத்தான்கள் வரிசையாக இருக்கும் ரிப்பனையும் மூடி, கீழே கட்டளை தட்டும் கமாண்ட் லைனில் மட்டுமே வேலை வாங்க வேண்டும்.

திருநகர் நிலா

சார், இதை ஏற்க முடியவில்லை. டைனமிக் இன்புட்டிலும் விதி இருக்கிறது: # போட்டால் ஆதிப்புள்ளியிலிருந்து, போடாவிட்டால் முந்தைய புள்ளியிலிருந்து. அதையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வீட்டுப் பிளான் வரைகிறவர் எந்நேரமும் ஆதிப்புள்ளியையா நினைத்துக்கொண்டிருக்கிறார்? பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அங்குலச் சுவர், அதிலிருந்து மூன்றடி தள்ளி ஜன்னல். எல்லாமே முந்தைய புள்ளியிலிருந்து எடுக்கும் அளவுதான். கண்ணும் கர்சரை விட்டு விலகுவதில்லை. 2006 பதிப்பில் இது வந்ததே அதற்காகத்தான்.

ரிப்பனை மூடச் சொல்வதும் சரியில்லை. ரிப்பன் 2009 பதிப்பில் வந்தது. ரிப்பன் இல்லாத பழைய திரை அமைப்பான கிளாசிக் ஒர்க்ஸ்பேஸை 2015 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இன்று வருகிறவர்கள் பழைய திரையைப் பார்த்ததே இல்லை. பார்த்திராத திரைக்கு அவர்களை ஏன் பழக்க வேண்டும்?

சிம்மக்கல் டிராஃப்ட்ஸ்மேன்

பழைய திரை மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை அம்மா. மதுரை மாசி வீதிகளுக்கு உள்ளே ஒரு மனையை அளந்து பாருங்கள். முன்பக்கம் 18 அடி 4 அங்குலம் இருக்கும், பின்பக்கம் அதைவிடக் குறையும், எந்த மூலையும் மட்டத்துக்கு நிற்காது. முந்தைய புள்ளியிலிருந்தே நான்கு பக்கத்தையும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் கோடு சேராமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும். உடனே சி (க்ளோஸ்) தட்டி, தொடங்கிய புள்ளியோடு சேர்த்து மூடிவிடுகிறார்கள். படம் மூடிக்கொள்கிறது, பிழை முழுவதும் அந்தக் கடைசிக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. தூரம் அளக்கும் டிஸ்ட் கட்டளை போட்டு அந்தக் கோட்டை அளந்து, கையில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் யாரும் இல்லை. அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போது கொத்தனார்தான் கண்டுபிடிக்கிறார்.

உசிலம்பட்டி மாணவன்

நடுவில் ஒரு சந்தேகம். மேஸ்திரி ‘6 அங்குலம் 3 நூல்’ என்று அளவு சொல்கிறார். அதை எப்படித் தட்டுவது?

திருநகர் நிலா

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. யூனிட்ஸ் கட்டளையில் அடி-அங்குலக் கணக்கான ஆர்க்கிடெக்சுரல் வைத்துக்கொண்டு 6-3/8 என்று தட்டுங்கள் தம்பி. பத்து அடிக்கு வெறும் 10 தட்டினால் பத்து அங்குலம்தான் விழும். 10' என்று அடிக்குறி போட வேண்டும்.

சார், சி தட்டி மறைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது சரிபார்க்காத குணம். எஃப்12-ஐ அணைத்தால் அது எப்படிப் போகும்? மூலைவிட்டத்தையும் அளந்து, தெரிந்த இரண்டு மூலைகளிலிருந்து அந்த அளவுகளை ஆரமாக வைத்துப் போட்ட இரண்டு வட்டம் வெட்டும் இடத்தில் அடுத்த மூலையை வைக்கப் பழக்குங்கள். அதற்கு எந்தத் திரையாக இருந்தால் என்ன?

மேலூர் நில அளவையர்

இருவருமே ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்று பேசவில்லை.

ஒரு புலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே படமான புலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி லைன் என்று ஓர் அடிக்கோடு. அதன் மேல் 24.6 மீட்டர் நடந்து, இடப்பக்கம் 5.2 தள்ளினால் ஒரு மூலை. இதுதானே ஆயத்தொலைவு! அச்சுகளை நமக்கு வேண்டியபடி வைக்கும் யூசிஎஸ் கட்டளையில் ஆதிப்புள்ளியை ஜி லைன் தொடங்கும் கல்லில் வையுங்கள், எக்ஸ் அச்சை ஜி லைன் மேல் படுக்க வையுங்கள். பிறகு 24.6,5.2 என்று அப்படியே தட்டலாம். வலப்பக்கம் என்றால் இரண்டாவது எண்ணுக்கு மைனஸ். டைனமிக் இன்புட்டோடு கோடு போட்டால் முதல் புள்ளிக்கு அடுத்து வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் # வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மூலை பக்கத்துப் புலத்துக்குள் போய்விடும். இந்த வேலைக்கு நான் சிம்மக்கல்காரர் பக்கம்.

பழைய படம் லிங்க் (சங்கிலி அளவு) கணக்கில் இருந்தால் 100 லிங்க் 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி தரும் கோப்பில் வடக்கு மதிப்பு முதலில் வருவது உண்டு. ஆட்டோகேடுக்கோ கிழக்குதான் முதல் எண். மாற்றாமல் ஒட்டினால் மனை கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டுவிடும், அளவெல்லாம் சரியாகவே காட்டும். நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலகை மண்டலங்களாகப் பிரித்து ஆயத்தொலைவு தரும் யூடிஎம் முறையில் இரண்டு மண்டலங்களுக்கு எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. மதுரை யூடிஎம் 44-ஆம் மண்டலம், உசிலம்பட்டி 43. இரண்டு ஊர்க் கோப்புகளை ஒன்றாகப் போட்டால் பொருந்தாது. எண்கள் பெரிதாக இருக்கின்றன என்று படத்தை நகர்த்தி 0,0-க்குக் கொண்டுவராதீர்கள். யூசிஎஸ்ஸை நகர்த்துங்கள், நிலம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

திருநகர் நிலா

ஐயா சொன்ன யூசிஎஸ் முறைக்குக் கைகூப்புகிறேன். ஆனால் இதுவே என் கட்சிக்குத்தான் பலம். புலப்பட வேலைக்கு யூசிஎஸ் பேனல் கண்முன் இருக்கும்படி ஓர் ஒர்க்ஸ்பேஸ், வீட்டுப் பிளானுக்கு வேறொன்று என்று சேமித்து வைத்துக்கொள்ளலாமே. எல்லாரும் ஒரே வெறுந்திரையில் உட்கார வேண்டுமா?

சிம்மக்கல் டிராஃப்ட்ஸ்மேன்

சொந்தக் கணினி என்றால் உங்கள் இஷ்டம். இங்கே ஒரு கணினியில் காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர். கட்டளைகளின் சுருக்கெழுத்துகள் இருக்கும் பிஜிபி கோப்பில், வட்டம் போடும் கட்டளைக்கான சி-யைக் காப்பிக்கு மாற்றிவிட்டு ஒரு பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அடுத்து வந்த பெண் ஒரு வாரம் தன் கையைத்தான் நம்பாமல் இருந்தாள்.

திருநகர் நிலா

அதற்காகத்தான் அவரவர் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ப்ரொஃபைல் இருக்கிறது சார். ஆளுக்கொன்று வைத்து, ஏற்றுமதி செய்து பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். ஒர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் ‘மாற்றங்களைத் தானாகச் சேமிக்காதே’ என்று வைத்துவிட்டால், யார் எதை இழுத்துப் போட்டிருந்தாலும் ஒர்க்ஸ்பேஸை மறுபடி தேர்ந்தெடுத்ததும் பழையபடி வந்துவிடும். பிஜிபியில் கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு யோசனை. அடுத்து சேர்கிறவர்களில் ஒருவருக்கு எஃப்12-ஐ அணைத்தும், ஒருவருக்குப் போட்டும் ஒரே புலப்படத்தைக் கொடுங்கள். வரைந்து முடித்ததும் ஏரியா எடுத்து, பட்டாவில் உள்ள பரப்போடு ஒப்பிடட்டும். யாருடையது பொருந்துகிறது என்று பார்த்துவிடுவோம்.

சிம்மக்கல் டிராஃப்ட்ஸ்மேன்

ஏரியா எடுத்துப் பட்டாவோடு ஒப்பிடுவதை நாளை முதல் எல்லாருக்கும் கட்டாயமாக்குகிறேன். மேலூர் ஐயா ஒரு புலப்படம் தந்தால் இரண்டு பேரிடமும் கொடுத்தும் பார்க்கிறேன். அதுவரை என் அலுவலகத்தில் எஃப்12 அணைந்தேதான் இருக்கும்.