6 ஏக்கர் தென்னந்தோப்புக்குப் பழைய லோடர் டிராக்டர்: இந்த மூன்றில் எது?

மேட்டுத்தோப்பு:

வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் 6 ஏக்கர் தென்னை, கூடவே 10 மாடு. எருக்குழியிலிருந்து எரு அள்ளி ட்ரெய்லரில் போடணும், மட்டையைத் தள்ளி ஒதுக்கணும், வருஷத்தில் சில நாள் மண், ஜல்லி அள்ளணும். மற்ற நாளில் ரோட்டவேட்டர் ஓட்டணும். தினமும் அரை மணி நேர வேலைக்கு ஜேசிபி கூப்பிட முடியாது. வண்டி, லோடர் எல்லாம் சேர்த்து கையில் 4 லட்சம்.

பார்த்து வைத்திருப்பது மூணு. 2008 மாஸி 1035, பட்டறையில் செய்த லோடர் (முன்னால் பக்கெட் தூக்கும் அமைப்பு) ஏற்கெனவே மாட்டியிருக்கு, சிங்கிள் கிளட்ச், சாதா ஸ்டியரிங். 2012 மஹிந்திரா 575, பவர் ஸ்டியரிங், ஆயில் பிரேக், லோடர் இல்லை. 2010 ஸ்வராஜ் 735, சாதா ஸ்டியரிங், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டி. லோடர் மாட்டியதே கிடைக்கும்போது 1035-ஐ எடுத்துடலாமா? 36 ஹெச்.பி. போதுமா?

ஸ்பேனர்19:

ஹெச்.பி.யை விடுங்க, அது பிரச்சினையே இல்லை. லோடர் பம்ப் நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஆயிலை 150 பார் அழுத்தத்தில் தள்ளினாலும் அது எடுத்துக்கொள்வது 10 ஹெச்.பி. சுமார்தான். 35 ஹெச்.பி. வண்டி தாராளமாகத் தாங்கும். கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஆயில் எங்கிருந்து வருது?

1035-இல் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்குக்குள், கியர் ஆயிலில் மூழ்கி இருக்கும் பிஸ்டன் பம்ப். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது ரோட்டவேட்டர் மாதிரி கருவிகளை ஓட்டும் பின் தண்டு. பி.டி.ஓ. லீவரைப் போட்டால்தான் பம்ப் ஓடும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்ச்சை மிதித்த நொடியே பம்பும் நின்றுவிடும். கலப்பை தூக்க இது குறையே இல்லை. லோடர் வேலை அப்படியில்லை. குவியலில் குத்தி, கிளட்ச் மிதித்து, ரிவர்ஸ் போட்டுக்கொண்டே பக்கெட்டைத் தூக்கணும். நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கெட் பாதியில் நிற்கும்.

வேகமும் கிடைக்காது. 63 மி.மீ. போர், 500 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள லிஃப்ட் சிலிண்டர் ரெண்டு நிரம்ப 3.1 லிட்டர் ஆயில் வேணும். உள் பம்ப் முழு வேகத்தில் ஓடினாலும் நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர்தான் கொடுக்கும். அப்படியென்றால் பக்கெட் மேலே போக 12 நொடி. ஒரு சுற்றுக்கு 20 சி.சி. ஆயில் தள்ளும் கியர் பம்பை எஞ்சின் கிராங்க்கின் முன் முனையில் மாட்டினால் 1,500 ஆர்.பி.எம்.மில் 30 லிட்டர் வரும், 6 நொடியில் வேலை முடியும். ஒரு ட்ரெய்லர் நிரப்ப 12 தடவை தூக்கணும் என்றால் வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

அதனால் அந்த 1035-ஐப் பார்க்கப் போனால் முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து பாருங்க. அங்கே தனி பம்ப், பக்கத்தில் 30, 40 லிட்டர் தனி டேங்க், ரிட்டர்ன் ஃபில்டர் இருந்தால் செய்தவர் விவரம் தெரிந்தவர். பின் ஹவுசிங்கிலிருந்தே ஹோஸ் இழுத்திருந்தால் அந்த லோடருக்கு விலையே போடாதீங்க, இரும்பு எடைக்கு மட்டும் பேசுங்க. கியர் தேய்ந்த பொடி அந்த ஆயில் வழியாக சிலிண்டர் சீலுக்குப் போகும். பக்கெட் மேலே இருக்கும்போது ஹவுசிங்கில் ஆயில் மட்டமும் இறங்கும்.

575, 735 ரெண்டிலும் ஒரே சோதனை. எஞ்சின் ஓடட்டும், கிளட்ச்சை அடி வரை மிதித்துக்கொண்டு பின் லிஃப்ட் லீவரைத் தூக்குங்க. லிஃப்ட் கை மேலே ஏறினால் பம்புக்கு எஞ்சினிலிருந்து நேராக ஓட்டம் இருக்கு. ஏறினாலும்கூட லோடருக்குத் தனி பம்ப் போடுவதே என் யோசனை.

வண்டல்:

ஸ்பேனர் சொன்னது சரி. ஆனால் லோடர் மாட்டிய வண்டியில் முதலில் உடைவது பம்ப் அல்ல, முன்னச்சு.

ஒரு சின்னக் கணக்கு. பக்கெட்டின் நடுப்பகுதி முன்னச்சிலிருந்து 1.2 மீட்டர் முன்னால் நிற்கும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 1.9 மீட்டர். பக்கெட்டில் 400 கிலோ ஏற்றினால் முன்னச்சில் ஏறுவது சுமார் 650 கிலோ, பின்னச்சிலிருந்து 250 கிலோ குறையும். லோடரின் சொந்த எடை இதில் சேரவே இல்லை. உழவுக்கென்று செய்த முன்னச்சு இதை மேடு பள்ளத்தில் தினமும் வாங்கினால் முதலில் ஹப் பேரிங், அப்புறம் சக்கரம் திரும்பும் கிங் பின் புஷ், கடைசியில் அச்சை வண்டியோடு கோக்கும் சென்டர் பின் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

கால் கன மீட்டர் பக்கெட்டுக்கு மேல் ஆசைப்படாதீங்க. அதில் எரு 200 கிலோ வரும், ஈரமண் என்றால் 400-ஐத் தாண்டும். எருவுக்குத்தானே என்று பெரிய பக்கெட் போட்டுவிட்டு அதிலேயே ஜல்லி அள்ளுகிறபோதுதான் வினை. அகலம் மட்டும் பின் டயரின் வெளி விளிம்பு வரை, அஞ்சரை அடி இருக்கட்டும். இல்லையென்றால் ஒதுக்காமல் விட்ட குவியல் மேலேயே டயர் ஏறும்.

இந்தச் சுமையோடு சாதா ஸ்டியரிங்கைத் தோப்புக்குள் திருப்பிப் பாருங்க, ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். ஸ்டியரிங் பாக்ஸும் சீக்கிரம் போகும். என் கணக்கில் 575-ஐ மேலே தூக்குவது அந்தப் பவர் ஸ்டியரிங் ஒன்றுதான். பிராண்டு சண்டைக்கு நான் வரலை.

முன் டயர் 6.00-16 இருந்தால் 8 பிளை (அடுக்கு) போடுங்க. 6.50-16 பழைய ரிம்மிலேயே உட்காரும். 7.50-16 வேணும் என்றால் ரிம்மையும் மாற்றணும். பின்பக்கம் 13.6-28 டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒன்றுக்கு 200 லிட்டர் பிடிக்கும், ரெண்டுக்குமாக 400 கிலோ. லோடர் ஓட்டும்போது ரோட்டவேட்டரைக் கழற்றாமல் பின்னால் தூக்கியே வைத்திருங்க. அதைவிட நல்ல எதிர் எடை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கொழுமுனை:

தஞ்சாவூர் வண்டி பற்றி யாரும் சொல்லலை. டெல்டா வண்டி என்றால் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பெயின்ட் பளபளக்கும், கோளாறு உள்ளே இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில், எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போய்ப் பாருங்க. பின் ஹவுசிங் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் ஆக்ஸில் சீல் போய் சேற்றுத்தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. பேரிங், பிரேக் எல்லாம் சேர்த்துச் செலவு கணக்குப் போடுங்க. ரிம்மில் டயர் உட்காரும் ஓரத்தில் துரு தின்றிருக்கிறதா என்றும் பாருங்க.

செங்கல், மணல் ஏற்றிய வண்டி என்றால் வேறு அடையாளம். ட்ரெய்லர் மாட்டும் கொக்கியின் ஓட்டை நீண்டிருக்கும். அதில் கிளட்ச் சோதனை கட்டாயம். மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விடுங்க. எஞ்சின் டக்கென்று அணையணும். அணையாமல் இழுத்துக்கொண்டே நின்றால் பிளேட் முடிஞ்சுது. லோடர் வேலையில் கிளட்ச் மிதிப்பது உழவைவிடப் பல மடங்கு, அதனால் பாதி தேய்ந்த பிளேட்டை நம்பி வாங்காதீங்க.

எஞ்சின் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வையுங்க. லேசான மூச்சு பரவாயில்லை. புஸ் புஸ் என்று புகையோடு தள்ளினால் ரிங், லைனர் வேலை இருக்கு. மீட்டர் மணி காட்டுவதை நான் பார்ப்பதே இல்லை, கிளட்ச் பெடல் ரப்பரும் பின் லிங்க் பந்துகளும் பொய் சொல்லாது.

பேப்பரில் ஒரு விஷயம். விவசாய டிராக்டர் ஆர்.சி. 15 வருஷம். 2008 வண்டிக்கு அது 2023-லேயே முடிந்திருக்கும், புதுப்பித்தார்களா பாருங்க. கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கி என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீங்க. சேசிஸ் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்க.

மேட்டுத்தோப்பு:

ரொம்ப நன்றிங்க. 1035-ஐப் போய்ப் பார்த்தேன், ஹோஸ் பின் ஹவுசிங்கிலிருந்துதான் போகுது. அதை விட்டாச்சு. 575 எடுத்து லோடர் செய்யலாம் என்றால் பட்டறைக்காரரிடம் என்னென்ன சொல்லணும்? முன் பக்க போல்ட்டிலேயே தாங்கும், பின்னால் வரை ஃபிரேம் வேண்டாம் என்கிறார்.

ஸ்பேனர்19:

வேணும் என்று ஒரே பிடியாக நில்லுங்க அண்ணா. இந்த வண்டிகளுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ் மூணும் போல்ட்டில் கோத்ததுதான் உடம்பு. லோடரை முன்னால் மட்டும் தொங்கவிட்டால் குவியலில் குத்தும் அதிர்ச்சி முழுதும் எஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் இறங்கும். முதலில் அந்த போல்ட்டுகள் தளரும், அங்கே ஆயில் கசியும், பிறகு வார்ப்பில் விரிசல் விடும். ரெண்டு பக்கமும் சேனல் பின் ஆக்ஸில் ஹவுசிங் வரை போய் அங்கே போல்ட் ஆகணும். வார்ப்பிரும்பில் எங்கேயும் வெல்டிங் வைக்க விடாதீங்க.

பம்புக்கும் கிராங்குக்கும் நடுவில் ரப்பர் வைத்த ஜா கப்ளிங். மையம் சரியாக நிற்கணும், டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு நூல் விலகினாலும் கிராங்க் முன் ஆயில் சீல் சீக்கிரமே ஒழுகும். ஹோஸ் ரெண்டு அடுக்குக் கம்பிப் பின்னல் உள்ளது, ஆயில் 68 கிரேடு ஹைட்ராலிக். அழுத்தம் அளவு மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை கேஜ் மாட்டி 150 பாருக்கு வைத்து சீல் பண்ணச் சொல்லுங்க. தூக்க மாட்டேங்குது என்று பின்னாளில் யாராவது அதை முறுக்கிவிட்டால், வண்டல் சொன்ன அந்த முன்னச்சுதான் விலை கொடுக்கும்.

வேலை முடிந்ததும் 300 கிலோ ஏற்றி இடுப்பளவு தூக்கி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் கம்பியில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்க. யாரையும் பக்கெட் அடியில் நிற்கவிடாதீங்க. பத்து நிமிஷம் கழித்துக் கோடு ரெண்டு விரல் நகர்ந்திருந்தால் சீலோ வால்வோ பிடிக்கலை. மீதிப் பணத்தை அதுவரை பையிலேயே வைத்திருங்க.