வேலை முடிந்த மாலைகளில் நாடகம்: அதில் கிடைப்பது என்ன?

கோடம்பாக்கவாசி:
வணக்கம். வங்கியில் பணிபுரிகிறேன், வயது நாற்பதைக் கடந்துவிட்டது. எங்கள் பகுதியில் இயங்கும் அமெச்சூர் நாடகக் குழு ஒன்று, அடுத்த நாடகத்தில் சிறு வேடம் ஏற்குமாறு என்னை அழைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று மாலைகள் ஒத்திகை, சம்பளம் கிடையாது. பள்ளி நாட்களுக்குப் பின் நான் மேடை ஏறியதில்லை. ஊதியம் இல்லாத இந்த உழைப்பில் நீங்கள் அடையும் மகிழ்ச்சி எத்தகையது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

மூன்றாம்மணி:
தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். சென்னையின் சபா நாடகத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல் வேலைக்குப் போய்வந்தவர்களே. நாடகக்காரர்களைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலத்தில், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அரிதாரம் பூசி மேடையேறியது அந்தப் பார்வையை மாற்றியது. பின்னாளில் கே. பாலசந்தரும் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களை எழுதி அரங்கேற்றினார்.

எனக்கு மேடையேறும் நாளைவிட ஒத்திகை மாலைகளே இனியவை. முதல் வாரத்தில் தாளைப் பார்த்து வாசித்த ஒரு வரி, எதிரில் நிற்பவர் வேறு தொனியில் கேட்டதும் வேறு பொருள் கொள்ளும். அதுவரை எழுத்தாக மட்டும் இருந்த மனிதர் அன்று உங்கள் குரலில் பேசத் தொடங்குவார். அதன் பிறகு பார்வையாளர்கள் கற்றுத்தருவது இருக்கிறது. அரங்கில் எழுந்த சிரிப்பு முழுவதும் அடங்குவதற்குச் சற்று முன்பாக அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும் என்பதை எந்த இயக்குநரும் வெறும் சொல்லால் கற்பித்துவிட முடியாது. வேடம் சிறியது என்றும் எண்ணாதீர்கள். நீங்கள் நுழையும் நொடி தவறினால், கதாநாயகனின் வசனம் அந்தரத்தில் நின்றுவிடும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):
எங்கள் ஊர்களில் கூத்துப் பழகுவது ஊர் முழுவதற்கும் உரிய காரியம். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார், ஆளையும் குரலையும் பார்த்து வேடத்துக்குரிய பாடல்களை வழங்குவதைச் சட்டம் கொடுத்தல் என்போம். வயல் வேலையும் மீன்பிடியும் முடிந்த இரவுகளில் மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழகி, சதங்கை அணிந்து, அதன் பின்னரே அரங்கேற்றம் காண்போம். வட்ட வடிவ ஆடுகளமான வட்டக்களரியின் நான்கு புறமும் சனம் இருப்பதால் ஆடுபவர் முகம் திருப்பி இளைப்பாற இடமில்லை. சுற்றியிருப்போரும் பெரும்பாலும் உறவினர்களே. அரங்கேற்றத்துக்குப் பின் வீடுவீடாகச் சென்று ஆடும் வழக்கமும் உண்டு. அருச்சுனனாக ஆடியவரை ஊரார் வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயராலேயே அழைப்பார்கள். அதைவிடப் பெரிய சன்மானத்தை நான் அறியேன்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றியபோது, இத்தகைய ஊர்க்களரிகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட ஆட்டமும் தாளமுமே அவற்றுக்கு அடித்தளமாக அமைந்தன.

கோடம்பாக்கவாசி:
இருவருக்கும் நன்றி. ஞாயிறன்று ஒத்திகைக்குச் செல்கிறேன். வசனம் மறந்துவிடுமோ என்ற அச்சம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

மூன்றாம்மணி:
உட்கார்ந்த இடத்தில் ஒப்பிக்காதீர்கள். நடக்கும் இடம், திரும்பும் இடம், கையில் எடுக்கும் பொருள் ஆகியவற்றோடு சேர்த்துப் பழகுங்கள். உங்கள் வரிக்கு முன் எதிரில் இருப்பவர் சொல்லும் கடைசிச் சொற்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். எந்த நாடகம், எந்த அரங்கம் என்பதை முடிவானதும் இங்கே எழுதுங்கள், நான் வருகிறேன்.