தலைகீழாக ஏழு விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை, முதுகுப் பக்கமே கவிழ்கிறேன்

புதுச்சிறகு:

அனைவருக்கும் வணக்கம். ஸ்கைடைவிங்கில் இதுவரை 163 குதிப்புகள் முடித்திருக்கிறேன். வயிற்றுவாக்கில் விழுவதில் குறை ஒன்றும் இல்லை. உட்கார்ந்த நிலையில் பறப்பதும் ஓரளவு கைவந்துவிட்டது. உயரத்தைத் தவறவிடாமல் நின்று, இரு பக்கமும் திரும்பி, மறுபடி வயிற்றுவாக்குக்கு வர முடிகிறது.

தலைகீழ்ப் பறத்தல்தான் படுத்துகிறது. 14 முயற்சிகள், எல்லாம் தனியாகக் குதித்தவை. பதினான்கிலும் ஒரே கதை. 13,000 அடியில் வெளியேறியதும் தலையை நேராகத் தரையை நோக்கித் திருப்புகிறேன். கால்களைச் சேர்த்து, உடம்பை ஈட்டி போல விறைப்பாக வைக்கிறேன். ஐந்து முதல் ஏழு விநாடி எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். பிறகு தொடுவானம் மெல்ல நழுவும். அடுத்த கணம் முதுகில் விழுந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில சமயம் இடப்பக்கச் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

"தொடுவானத்தைப் பார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பார்க்கத்தான் செய்கிறேன். உயரமானி இடது மணிக்கட்டில் இருக்கிறது, தலைக்கவசத்துக்குள் ஒலி எழுப்பும் மானி ஒன்றும் உண்டு. 5,000 அடியில் எதுவானாலும் நிறுத்திவிட்டு வயிற்றுவாக்குக்கு வந்துவிடுகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

தாழப்பறவை:

காற்றுச் சுரங்கத்துக்குப் போங்கள், கீழிருந்து காற்றை ஊதி ஆளை மிதக்கவிடும் கூடம் அது. பணத்தைக் குதிப்பில் கொட்டாதீர்கள். வேறு பதில் இல்லை.

மனம் தளரவும் வேண்டாம். 2015 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு மேலே 164 பேர் தலைகீழாக ஒன்றாய்க் கைகோத்து உலகச் சாதனை படைத்தார்கள். அந்த 164 பேரும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே முதுகில் விழுந்துகொண்டிருந்தவர்கள்தான்.

மடிப்புக்காரர்:

தம்பி, பறக்கும் கலையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பாராசூட் மடிப்பவன், முதுகில் இருக்கும் பையைப் பற்றிக் கேட்கிறேன். 14 முறை தலைகீழாகப் போயிருக்கிறீர்கள். அந்தப் பையை யாராவது அதற்கென்று பார்த்தார்களா?

பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறிய பாராசூட்டை (பைலட் சூட்) வைக்கும் துணிப்பை இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா? அதிலிருந்து பைக்குச் செல்லும் பட்டை எங்காவது வெளியே தெரிகிறதா? பையைப் பூட்டும் ஊசியின் மேல்மூடி காற்றில் திறந்துகொள்ளாமல் நிற்கிறதா? அந்த ஊசி நுழையும் கயிற்றுக் கண்ணி நைந்து நீண்டிருக்கிறதா? வயிற்றுவாக்கில் இவற்றில் ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். தலைகீழாகவோ உட்கார்ந்தோ போகும்போது, இதுவரை காற்றே படாமல் இருந்த இடங்களில் காற்று புகுந்து துழாவும். வயிற்றுவாக்கில் மணிக்கு 190 அல்லது 200 கி.மீ. வேகத்தில் திறக்க வேண்டிய பாராசூட், தலைகீழாகப் போகும்போது வரும் 260 கி.மீ. வேகத்தில் தானாகத் திறந்தால் துணி கிழியலாம். அதைவிட மோசமாக, உங்கள் கழுத்து அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் போகலாம்.

இன்னொன்று. உட்கார்ந்து பறக்கும்போது தொடை வார்கள் முழங்கால் பக்கம் நழுவும். இரண்டு வார்களையும் பின்புறம் இணைக்கும் ஒரு சிறிய நெகிழ்கயிறு போதும். அது இல்லாமல் இந்த வகைப் பறத்தலுக்குப் போகாதீர்கள்.

மேகவல்லி:

மடிப்புக்காரர் சொன்னதை முதலில் முடியுங்கள். பிறகு எனக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், காணொளி இருந்தால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளியேறிய முதல் பத்து விநாடியில் காற்று உடம்பில் எங்கே படுகிறது? கவிழ்வதற்குச் சற்று முன் உங்கள் கண் எங்கே இருக்கிறது? விமானம் செல்லும் கோட்டுக்கு எந்தத் திசையில் முகம் வைத்துப் பறக்கிறீர்கள்?

புதுச்சிறகு:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. பையைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டேன். கண்ணி நைந்திருந்தது, மாற்றச் சொல்லிவிட்டார்கள். நெகிழ்கயிறும் போட்டாகிவிட்டது.

இதுவரை என்னிடம் காணொளி எதுவும் இல்லை. நேற்று ஒரு நண்பர் உடன் குதித்து, தள்ளி நின்று படம் பிடித்துக் கொடுத்தார். பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நான் தொடுவானத்தைப் பார்க்கவே இல்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! கால் நேராக இருக்கிறதா என்று சரிபார்க்கத் தாடையை மார்போடு சேர்க்கிறேன், இடுப்பு மடிகிறது, உடனே கவிழ்கிறேன். ஒவ்வொரு முறையும் இதேதான் நடக்கிறது.

காற்று தொடக்கத்தில் மார்பிலும் வயிற்றிலும் அடிக்கிறது. உடம்பைத் தள்ளிப் புரட்டப் பார்ப்பது போல இருக்கும். திசை பற்றி யோசித்ததே இல்லை. விமானம் போவதைப் பார்த்தபடியே வெளியேறி, அப்படியே தொடர்கிறேன்.

மேகவல்லி:

நல்லது. விடை கிடைத்துவிட்டது, அதையும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் அப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இறகுப்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான தக்கை முன்னால், விரிந்த இறகுகள் பின்னால். எப்படி வீசினாலும் தக்கைதான் முன்னால் வரும். தலைகீழாகப் பறக்கும்போது உங்கள் தலையும் தோளும் தக்கை, கால்கள் இறகு. கால்களைச் சேர்த்து ஈட்டி போல வைத்தால் இறகுகளைப் பிடுங்கிவிட்ட பந்தாகிவிடுகிறீர்கள். பார்க்க அழகாக இருக்கும், நிற்காது. கால்களைத் தோளகலத்துக்கும் அதிகமாக விரியுங்கள், முழங்காலைச் சற்று மடக்குங்கள். முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை காற்று அழுத்துவது தெரிய வேண்டும். அந்த அழுத்தம் தெரியவில்லை என்றால் கால் வேலை செய்யவில்லை என்று பொருள்.

இனி கவிழ்வதைப் பார்ப்போம். இடுப்பு மடிந்து கால்கள் முன்பக்கம் வந்தால், கீழிருந்து வரும் காற்று தொடையின் முன்பக்கத்தில் மோதி உங்களைப் பின்னோக்கித் தள்ளும். அதே தள்ளல் கால்களைப் பின்னுக்கும் தலையை முன்னுக்கும் சுழற்றும். முடிவில் மார்பு ஆகாயத்தைப் பார்க்கும், நீங்கள் முதுகில் கிடப்பீர்கள். முதுகை வளைத்துக் கால்களைப் பின்னால் கொண்டுபோனால் இதற்கு நேர்மாறாக நடக்கும், வயிற்றில் விழுவீர்கள். ஆகவே எந்தப் பக்கம் கவிழ்கிறீர்கள் என்பதே எங்கே மடிகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும்.

கவிழ்வதற்கு முன்பு அந்த ஏழு விநாடியும் நீங்கள் நேராக விழவில்லை, பின்னோக்கிச் சரிந்துகொண்டிருந்தீர்கள். இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். விமானம் போகும் திசையில் முகத்தை வைத்துப் பின்னோக்கிச் சரிந்தால் யாரிடம் போகிறீர்கள்? உங்களுக்கு முன் குதித்த வயிற்றுவாக்குக் குழுவிடம். விமானம் தரைக்கு மேல் விநாடிக்கு 45 மீட்டர் போகிறது என்று கொள்வோம். ஏழு விநாடி இடைவெளி விட்டுக் குதித்தால் இரு குழுக்களுக்கும் நடுவே ஏறத்தாழ 315 மீட்டர். ஒரே திசையில் விநாடிக்குப் பத்து மீட்டர் சரிந்தால் அரை நிமிடத்தில் அந்த இடைவெளி கரைந்துவிடும். அவர்களைவிட நீங்கள் வேகமாக விழுவதால் பின்னால் குதித்தும் உயரத்தில் அவர்களை எட்டிவிடுவீர்கள். அவர்கள் பாராசூட் திறக்கும் நேரம் அது. இதுவரை நீங்கள் ஏழு விநாடியில் கவிழ்ந்துபோனது ஒருவகையில் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

இனி விமானம் செல்லும் கோட்டுக்குச் செங்குத்தாக முகம் வைத்துப் பறங்கள். அப்படிச் சரிந்தாலும் பக்கவாட்டில்தான் சரிவீர்கள். ஏறுவதற்கு முன்பே, எந்த ஏரி, எந்தச் சாலை உங்கள் எதிரே தெரிய வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கதவருகே யோசிக்க நேரம் இருக்காது.

வெளியேறும்போதும் ஒரு பிழை இருக்கிறது. விமானத்தின் வேகம் உங்களோடு வருவதால் முதலில் காற்று கீழிருந்து வராது, விமானம் போகும் திசையிலிருந்து வரும். பத்து விநாடி போல ஆன பிறகுதான் அது மெல்ல மெல்லக் கீழிருந்து வருவதாக மாறும். நீங்கள் உடனே தலையைத் தரைக்குக் காட்டுவதால் அந்தக் காற்று மார்பில் அடித்துப் புரட்டுகிறது. தலை காற்று வரும் திசையைக் காட்டட்டும், தரையை மறந்துவிடுங்கள். காற்று மாற மாற நீங்களும் அதோடு சேர்ந்து தானாக நிமிர்ந்துவிடுவீர்கள், அதாவது தலைகீழாகிவிடுவீர்கள்.

சுரங்கவாசி:

மேகவல்லி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. இவரைத் தனியாகப் பயிற்சி செய்ய விடக் கூடாது. தனியாகக் குதிப்பவருக்கு வானத்தில் அளவுகோல் கிடையாது. பின்னோக்கி எவ்வளவு வேகமாகச் சரிந்தாலும் அசையாமல் நிற்பது போலவே தோன்றும். சுரங்கத்தில் ஒரு கை அளவு சரிந்தாலும் சுவர் முதுகில் தட்டும், அதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஒலாவ் சிப்சர் போன்ற தலைகீழ்ப் பறத்தல் முன்னோடிகள் வானத்தையே பள்ளிக்கூடமாக வைத்துக் கற்றார்கள் என்பது உண்மைதான். அதற்கு அவர்கள் செலவழித்த குதிப்புகளின் எண்ணிக்கையைப் போல நம்மால் செலவழிக்க முடியாது.

இடப்பக்கச் சுழற்சி பற்றி யாரும் பேசவில்லை. உயரமானி இடது மணிக்கட்டில் இருக்கிறது என்றீர்கள். பார்ப்பதற்காக இடக்கையை முகத்துக்கு நேரே கொண்டு வருகிறீர்களா? 195 கி.மீ. வேகத்தில் இருக்கும் காற்றின் விசையைவிட 260 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 1.8 மடங்கு விசை இருக்கும், ஏனென்றால் விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வயிற்றுவாக்கில் பழகிய அதே சிறிய அசைவு இங்கே உங்களைத் திருப்பிவிடும். கைகள் எப்போதும் கண்ணின் ஓரத்தில் தெரியும்படி இருக்கட்டும். உயரம் பார்க்கும்போது கையை நகர்த்தாமல் மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். ஒலிமானி துணைக்கு மட்டுமே. அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

மேகவல்லி:

தனியாகப் பயிற்சி செய்யக் கூடாது என்பதை ஏற்கிறேன், என் பதிலில் விட்டுப்போயிற்று. ஆனால் உடன் வருபவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்பவர் நிலை தவறி வயிற்றுவாக்குக்கு மாறினால் 260 கி.மீ. வேகம் சட்டென்று 195 ஆகிவிடும். அவருக்கு நேர் மேலே இருப்பவர் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் அவர் மேல் வந்து விழுவது போல ஆகும். எனவே எதிரே, ஒரே மட்டத்தில், கைக்கெட்டாத தூரத்தில் நிற்கத் தெரிந்தவர் வேண்டும். நேற்று உங்களைப் படம் பிடித்த நண்பருக்கு எத்தனை குதிப்பு?

புதுச்சிறகு:

அவருக்கு 210. இனி அவரைக் கூப்பிடப் போவதில்லை. அவருக்கும் உங்கள் பதிலைக் காட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

புதுச்சிறகு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சுரங்கத்தில் மொத்தம் 40 நிமிடம். முதல் பத்து நிமிடத்தில் பயிற்சியாளர் என் தாடையைத்தான் அதிகம் தொட்டார், ஒவ்வொரு முறை கீழே குனியும்போதும் இரண்டு விரலால் தூக்கிவிட்டார். காலை விரித்ததும் முழங்காலுக்குக் கீழே அழுத்தம் தெரிந்தது. இத்தனை நாள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் போல.

சென்ற வாரம் அதே பயிற்சியாளருடன் இரண்டு குதிப்புகள். விமானக் கோட்டுக்குச் செங்குத்தாக, எதிரே ஒரு நீர்த்தேக்கத்தைக் குறியாக வைத்துக்கொண்டேன். வெளியேறியதும் தரையைத் தேடவில்லை. முதல் குதிப்பில் 19 விநாடி நின்றேன். இரண்டாவதில் 5,500 அடியில் அவர் சைகை காட்டும் வரை கவிழவில்லை. வயிற்றுவாக்குக்கு வந்து, விலகி, ஐந்தாறு விநாடி வேகம் தணியக் காத்திருந்து திறந்தேன்.

ஒரு சிக்கல் பாக்கி. இடப்பக்கச் சுழற்சி குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. உயரமானியைப் பார்க்காத நேரத்திலும் மெல்லத் திரும்புகிறேன்.

சுரங்கவாசி:

காணொளியில் கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். இரண்டு முழங்காலும் ஒரே அளவு மடிந்திருக்கின்றனவா?

புதுச்சிறகு:

வலது முழங்கால் கூடுதலாக மடிந்திருக்கிறது. பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சுரங்கவாசி:

எனக்கும் அதே கால்தான்.