அம்மாவுக்கு இரைப்பையில் 4 செ.மீ. கட்டி: பயாப்ஸி ஒன்று சொல்கிறது, ஸ்கேன் வேறு சொல்கிறது

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று ரொம்ப நாளாகவே ஓம வாட்டர், ஜெலுசில் என்று தானாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மலம் கறுப்பாகப் போனதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, ஒருநாள் காலையில் தலைசுற்றி உட்கார்ந்தபிறகுதான் விஷயமே வெளியே வந்தது. ஹீமோகுளோபின் 7.8. ரத்தம் ஏற்றினார்கள்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பு, மேல்தோல் வழவழப்பு, உச்சியில் சின்னதாக ஒரு புண். அதிலிருந்து சதை எடுத்து அனுப்பியதில் ‘நாள்பட்ட கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி), புற்றுநோய் செல்கள் இல்லை’ என்று வந்தது. அப்பாடா என்று இருந்தோம். அப்புறம் சி.டி. ஸ்கேன் எடுத்தால், 4.2 செ.மீ. கட்டி, ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும், புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு வகைக் கட்டி) ஆக இருக்கலாம், பக்கத்தில் சில நெறிக்கட்டிகள் பெரிதாகியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் இமாட்டினிப் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு எடுக்கலாம் என்கிறார். சித்தப்பாவோ கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்லைடுக்காரி:
தம்பி, நான் பேத்தாலஜி லேபில் வேலை பார்ப்பவள், சிகிச்சை சொல்கிற டாக்டர் அல்ல. ஆனால் இந்த ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ ரிப்போர்ட்டை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண எண்டோஸ்கோப்பி இடுக்கி கிள்ளுவது உள்பக்கத்து மேல்தோலைத்தான். கட்டி இருப்பது அதற்கும் கீழே, சுவரின் தசை அடுக்கில். ஜமுக்காளத்துக்கு அடியில் பந்து கிடக்க, ஜமுக்காளத்தில் நூல் எடுத்துப் பார்த்த கதை. ரிப்போர்ட் பொய் இல்லை, அது கட்டியைப் பற்றிய ரிப்போர்ட்டே இல்லை, அவ்வளவுதான்.

வேண்டியது இ.யு.எஸ்., அதாவது முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பி. கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று அதில் தெரியும், அங்கிருந்தே ஊசி விட்டுத் துண்டும் எடுக்கலாம். நீளத் துண்டாக வருகிற ஊசியாகக் கேளுங்கள், செல்களை மட்டும் உறிஞ்சி எடுத்தால் பல சமயம் சாயப் பரிசோதனைக்குப் போதாமல் போய்விடும்.

அந்தச் சாயப் பரிசோதனைதான் முக்கியம், ஐ.எச்.சி. என்பார்கள். ஜிஸ்ட், லியோமயோமா, ஷ்வான்னோமா மூன்றுமே மைக்ராஸ்கோப்பில் கதிர்வடிவ செல்களாக ஒன்றுபோலவே கிடக்கும், அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். செல்லில் உள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சாயம். சிடி117, டாக்1 இரண்டும் பிடித்தால் ஜிஸ்ட். டெஸ்மின் பிடித்து அந்த இரண்டும் பிடிக்காவிட்டால் லியோமயோமா, அது தசைக்கட்டி. எஸ்100 மட்டும் நன்றாகப் பிடித்தால் ஷ்வான்னோமா, நரம்பு உறையிலிருந்து வருவது. பின்னவை இரண்டும் சாதுவான கட்டிகள். 1998க்கு முன்னால், ஜிஸ்ட் பலவற்றுக்கும் காரணமான கிட் என்ற மரபணு மாற்றத்தின் விவகாரமே தெரியாது என்பதால் அந்தக் காலத்து ரிப்போர்ட்டுகளில் ஜிஸ்ட்கள் பலவும் தசைக்கட்டி என்ற பெயரில்தான் கிடக்கின்றன.

ஒரு விஷயம். நெறிக்கட்டி பெரிதாயிருக்கிறது என்றதும் பதறவேண்டாம். ஜிஸ்ட் பொதுவாக நெறிக்கட்டிக்குப் பரவுவது அரிது. ஷ்வான்னோமாவைச் சுற்றி லிம்போசைட்டுகள், அதாவது ஒருவகை வெள்ளையணுக்கள், வளையமாகக் கூடி நிற்கும், பக்கத்து நெறிக்கட்டிகளும் சும்மாவே வீங்கியிருக்கும். இதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் அந்தப் பக்கமும் யோசிக்க வேண்டும். 50, 60 வயதுப் பெண்களிடம்தான் ஷ்வான்னோமா அதிகம் வருகிறது.

தோசைப்பிரியன்:
எனக்கும் இரைப்பையில் கட்டி என்றுதான் சொன்னார்கள், கடைசியில் பார்த்தால் லிப்போமா, வெறும் கொழுப்பு. சி.டி.யிலேயே கொழுப்பு அடர்த்தி தெரிந்துவிட்டது, எண்டோஸ்கோப்பி செய்தவர் இடுக்கியால் அமுக்கிக் காட்டினார், தலையணை மாதிரி குழிந்தது. சின்னது, தொந்தரவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டோம். உங்கள் அம்மாவுக்கு ரத்தம் போயிருக்கிறது, அதனால் என் கதையை வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இரவுப்பணி:
நான் குடல் இரைப்பை அறுவைப் பிரிவில் மேல்படிப்பு படிக்கிறேன். ஸ்லைடுக்காரி அக்கா சொன்னதெல்லாம் சரி. மாத்திரை விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் வீண் செலவும் வீண் நாளும் போகிறது.

இமாட்டினிப் வேலை செய்வது கிட் அல்லது அதற்கு நெருங்கிய பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணுவில் மாற்றம் உள்ள ஜிஸ்ட்டில். ஷ்வான்னோமாவுக்கோ தசைக்கட்டிக்கோ கொடுத்தால் முகம் வீங்குவதும் குமட்டலும்தான் மிச்சம், கட்டி அப்படியே இருக்கும். ஆக, திசு ரிப்போர்ட் கையில் இல்லாமல் அந்த மாத்திரையை ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கருத்து. ஜிஸ்ட் என்றே உறுதியானாலும் முன்கூட்டி மாத்திரை கொடுப்பது பெரிய கட்டிக்கு, அல்லது உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடம் போல எடுத்தால் நிறைய வெட்ட வேண்டிவரும் இடத்துக்கு. நடுப்பகுதியில் 4 செ.மீ. என்றால் பொதுவாக ஆப்பு வடிவில் கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சுவரையும் மட்டும் எடுத்துத் தைத்துவிடலாம், லேப்ராஸ்கோப்பியிலேயே. முழு இரைப்பையும் போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2 செ.மீ.க்குக் கீழே, அறிகுறி எதுவும் இல்லை, பார்வைக்கும் சாதுவாக இருக்கிறது என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை இ.யு.எஸ். பார்த்துக்கொண்டே இருக்கலாம். அம்மாவுக்கு அந்த வழி இல்லை. ரத்தம் கசிந்த கட்டி, பெயர் எதுவானாலும் எடுத்துத்தான் ஆகவேண்டும். முதலில் ஹீமோகுளோபினைத் தேற்றுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்று உங்கள் சித்தப்பா சொன்னது பற்றி: கட்டியை உடைத்து வயிற்றுக்குள் சிந்தவிட்டால் ஜிஸ்ட்டில் உண்மையிலேயே ஆபத்து. அதனால்தான் பையில் போட்டு முழுசாக வெளியே எடுப்பார்கள். எடுக்காமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

வேலிக்கருவை:
சித்தப்பாவிடம் டாக்டரையே பேசவிடுங்கள், நீங்கள் பேசினால் எடுபடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அனுமதி வாங்கவேண்டும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இ.யு.எஸ். செய்து துண்டு எடுத்தாச்சு. எஸ்100 பாசிட்டிவ், சிடி117, டாக்1, டெஸ்மின் மூன்றும் நெகட்டிவ், ஷ்வான்னோமா என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை சொன்ன டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆபரேஷனே சரி என்றுவிட்டார். இனி ஒரே கேள்வி, எடுத்தபிறகு கீமோ, கதிர்வீச்சு ஏதாவது வேண்டிவருமா? அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இரவுப்பணி:
சாதுவான ஷ்வான்னோமா என்றால் இரண்டுமே வேண்டாம், முழுசாக எடுத்தால் திரும்பி வருவது மிக அரிது. ஆனால் ஊசியில் வந்தது கட்டியின் ஒரு மூலைதான். முழுக் கட்டியும் பேத்தாலஜிக்குப் போய், வெட்டிய ஓரம் சுத்தமா, செல்கள் பிரிவது எவ்வளவு என்று எழுதி வரட்டும், அதுவரை அம்மாவிடம் ‘அநேகமாக வேண்டாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு கஞ்சி, குழைந்த சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

ஸ்லைடுக்காரி:
பாரஃபின் பிளாக் (திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது), ஸ்லைடு இரண்டையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. வேறு ஊரில் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் வெறும் ரிப்போர்ட் பேப்பரை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.