சென்ட்ஓஎஸ் 7-ல இருந்து உபுண்டு 24.04: எங்கெங்க இடிக்கும்?

நொய்யல்கரை:
திருப்பூர்ல பனியன் கம்பெனி பில்லிங் சர்வருங்க. அதுல ஓடற லினக்ஸ் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட் நின்னுபோச்சு. இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04-க்கு மாத்தறோம். அப்பாச்சி (வெப் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்) ரெண்டுந்தான் ஓடுது. எதைக் கவனிக்கோணும்?

மஞ்சக்காடு:
சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற யம் போயி ஏபிடி வர்றதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிருமுங்க. சிக்கல் ஃபயர்வால்ல. சென்ட்ஓஎஸ்ல இருக்கற ஃபயர்வால்டி, தூரத்துல இருந்து லாகின் பண்ற எஸ்எஸ்எச்சை முன்னாடியே தொறந்து வெச்சிருக்கும், உபுண்டுல இருக்கற யூஎஃப்டபிள்யூ அப்படியில்லை. எஸ்எஸ்எச் போர்ட் 22-ஐ அலோ பண்ணாம எனேபிள் குடுத்தா அடுத்த லாகின் உள்ள வராது, கீபோர்டைத் தூக்கிட்டு சர்வர் ரூமுக்கே போகோணும்.

இன்னொண்ணு: சென்ட்ஓஎஸ்ல அப்பாச்சி யூசர் எண் 48, உபுண்டுல 33. ஆர்சிங்க்ல (ஃபைல் காப்பி பண்ற டூல்) ஃபைலை அப்படியே கொண்டாந்தா ஓனர் 48-ஆவே இருக்கும், அப்லோடு ஃபோல்டர்ல எழுத முடியாது. ஓனரை மாத்திருங்க.

காவிரிப்பாலம்:
அண்ணன் சொன்னது சரி. டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிறாதீங்க. அங்க மரியாடிபி 5.5, இங்க 10.11. டம்ப் (டேட்டாவை எஸ்க்யூஎல் ஃபைலா) எடுத்து ஏத்துங்க. யூசர் டேபிள் இருக்கற சிஸ்டம் டேட்டாபேஸை விட்டுட்டு, யூசர்களைப் புதுசா உருவாக்குங்க. உபுண்டுல மரியாடிபி 127.0.0.1-ல, அதாவது அதே சர்வருக்குள்ள இருந்து வர்றதை மட்டுந்தான் கேக்கும். பில்லிங் கம்ப்யூட்டருக கனெக்ட் ஆகலீன்னா எந்த ஐபில கேக்கோணும்னு சொல்ற பைண்ட்-அட்ரஸை முதல்ல பாருங்க.

நொய்யல்கரை:
பில்லிங் கம்ப்யூட்டர் நாலு இருக்குதுங்க. அப்ப மரியாடிபி போர்ட் 3306-ஐயும் யூஎஃப்டபிள்யூல தொறக்கோணுமா?

காவிரிப்பாலம்:
ஆமாங்க, ஆனா அந்த நாலு ஐபிக்கு மட்டும்.